பயாப்சியில் ‘சதை போதவில்லை’ என்று வந்தால்: மறுபடி ஊசி எதற்கு, மாத்திரையை நேரடியாகத் தொடங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பாவுக்கு 61 வயது, பீடி சிகரெட் தொட்டதில்லை. விடாத இருமலுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் நான்கு மாதம் டிபி மருந்து ஓடியது. குறையாமல் போகவே கோவைக்குக் கூட்டிப்போய் சிடி எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்ததில் நுரையீரல் அடினோகார்சினோமா (சுரப்பி அணுக்களில் தொடங்கும் புற்று), நான்காம் நிலை என்று வந்திருக்கிறது. குறிப்பிட்ட மரபணு மாற்றத்துக்கென்று உள்ள மாத்திரை கேட்குமா என்று பார்க்க மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் ‘சதை போதவில்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. மறுபடி ஊசி போடணும் என்கிறார்கள், இது காசு பிடுங்கும் வேலையா என்று கேட்கிறீர்கள். சொந்தக்காரர் ஒருவர், “சோதனையெல்லாம் எதுக்குங்க, பீடி குடிக்காத ஆளுக்கு அந்த மாத்திரைதான், வாங்கிக் குடுத்துருங்க” என்கிறார். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது, சோதனை முடிவு கையில் இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கினால் என்ன நட்டம் என்பதுதான். நட்டம் சின்னதல்ல. ஏன் என்று சொல்கிறேன். என் வேலை திசுநோயியலும் மூலக்கூறு சோதனையும். சதை எப்படிக் கெடும், ரிப்போர்ட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் அப்பாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவருடைய ஸ்கேனையும் உடம்பையும் பார்க்கிற புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அந்தச் சதை. ஊசியில் வருவது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நூல் போன்ற துண்டு. எடுத்தவுடன் அதை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். சதையைவிட ஃபார்மலின் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறுவது நல்லது. அவசரத்தில் யாராவது சலைனில் போட்டுவிட்டால் சதை உள்ளுக்குள் அழுக ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை எடுத்தது லீவு நாள் சேர்ந்து நான்கைந்து நாள் ஃபார்மலினிலேயே கிடந்தால் டிஎன்ஏ துண்டு துண்டாக உடையும். உடைவதோடு நிற்காது. டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் எழுதியது மாதிரி, ஃபார்மலின் அதில் சில எழுத்துகளையும் மாற்றிவிடும், குறிப்பாக சி இருக்க வேண்டிய இடத்தில் டி என்று படிக்கவைக்கும். இல்லாத மாற்றத்தை இருப்பதாகக் காட்டும் இந்தக் கோளாறு சோதனைக்கூடங்களுக்குப் பழக்கமான தலைவலி.

அடுத்து மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆக்குவார்கள். அதிலிருந்து நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவி ஸ்லைடில் ஒட்டுவார்கள். சதை காணாமல் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பிளாக்கை இயந்திரத்தில் பொருத்தும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சமப்படுத்தக் கொஞ்சம் சீவித் தள்ள வேண்டியிருக்கிறது. முதலில் சாதாரண ஸ்லைடு. பிறகு இது அடினோவா, ஸ்குவாமஸ் என்ற இன்னொரு வகையா என்று பிரிக்க டிடிஎஃப்-1, பி40 என்ற சாயங்கள். உங்கள் அப்பா டிபி மருந்தில் இருந்ததால் அதற்கென்று இன்னொரு சாயம். சந்தேகம் தீராமல் நாலு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு சாயமாகக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பிளாக்கை ஏற்றி இறக்கினால் கடைசியில் மெழுகுதான் மிஞ்சும். விவரம் தெரிந்த கூடத்தில் முதல் சீவலிலேயே பத்துப் பதினைந்து சாயமேற்றாத ஸ்லைடுகளைச் சேர்த்து வெட்டி வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று துண்டு வந்திருந்தால் தனித்தனி பிளாக்காகப் போட்டு, ஒன்றை மரபணுச் சோதனைக்கென்று தொடாமல் வைப்பார்கள்.

சதை கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தாலும் போதாமல் போகலாம். துண்டுக்குள் புற்றணுக்கள் மட்டும் இருப்பதில்லை. வெள்ளணுக்கள், தழும்புத் திசு, செத்த திசு எல்லாம் கலந்திருக்கும். அணுக்களில் 20 சதவீதம் புற்றணு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அணுவிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி, மாறியிருப்பது பொதுவாக அதில் ஒன்று. ஆகவே மொத்தப் பிரதிகளில் 10 சதவீதம்தான் மாறியது. புற்றணு 5 சதவீதம்தான் என்றால் மாறியது இரண்டரை சதவீதம். பல கூடங்களின் என்ஜிஎஸ் சோதனை (பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிப்பது) 5 சதவீதத்துக்குக் கீழே நம்பத் தடுமாறும். அதனால்தான் 20 சதவீதம் புற்றணு வேண்டும் என்று வரம்பு வைக்கிறார்கள். கொஞ்சம் குறைந்தால், திசுநோயியலாளர் ஸ்லைடில் புற்று இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, அதை மட்டும் சுரண்டி எடுத்து அனுப்பிச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் ‘போதவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை. பயப்பட வேண்டியது அதற்கு நேர்மாறான கூடத்தைப் பற்றி. போதாத சதையில் சோதனை ஓட்டி, ஒன்றும் தெரியாததை ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், நல்ல மாத்திரை கிடைக்க வேண்டிய ஆளுக்கு அது கிடைக்காமலே போகும். எனவே ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று எதைப் பார்த்தாலும், புற்றணு எத்தனை சதவீதம் இருந்தது என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத ரிப்போர்ட்டின் ‘இல்லை’யை நான் நம்ப மாட்டேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: மறுபடி ஊசி கேட்பது பெரும்பாலும் காசு பிடுங்கும் வேலை அல்ல. ஆனாலும் உடனே ஊசிக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். பிளாக் ஒன்றுதானா, இன்னொன்று இருக்கிறதா? முதலில் எடுத்த ஸ்லைடுகளில் புற்றணு நிறைய இருக்கும் ஸ்லைடு ஏதாவது உண்டா? சாயமேற்றிய ஸ்லைடிலிருந்தும் சுரண்டி டிஎன்ஏ எடுக்க முடியும். மூன்றாவது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா? நான்காம் நிலையில் பலருக்கு அந்த நீரில் புற்றணுக்கள் மிதக்கும். மூச்சுத் திணறலுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எடுத்துக் கொஞ்சத்தை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவது அன்றாடம் நடக்கிறது. நீரைச் சுழலவிட்டு அடியில் தங்கும் அணுக்களை மெழுகில் பதித்தால் ‘செல் பிளாக்’ கிடைக்கும், அதிலேயே மரபணுச் சோதனை செய்யலாம். நீர் எடுக்கப்போகிறார்கள் என்றால், குறைந்தது 50 முதல் 100 மில்லி செல் பிளாக்குக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். எலும்பில் பரவியிருந்து அங்கிருந்து எடுப்பதாக இருந்தால், எலும்பை மிருதுவாக்க அமிலம் பயன்படுத்துவார்களா, இடிடிஏ என்ற மிதமான வேதிப்பொருளைப் பயன்படுத்துவார்களா என்று கேட்க வேண்டும். வீரியமான அமிலம் டிஎன்ஏவை நாசமாக்கிவிடும்.

ரத்தத்திலேயே பார்க்க முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். புற்றணுக்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அதைப் பிடித்துப் படிப்பதுதான் ‘லிக்விட் பயாப்சி’. இதில் மாற்றம் ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்பி மருந்து தொடங்கலாம். ‘இல்லை’ என்று வந்தால் அதை முடிவாக எடுக்கக் கூடாது. சதையில் மாற்றம் இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வரை உண்டு, அதிலும் நோய் நுரையீரலுக்குள்ளோ மூளையிலோ மட்டும் இருந்தால். ரத்தம் எடுக்கும் டியூபும் முக்கியம். சாதாரண இடிடிஏ டியூபில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ வெள்ளமாகப் பெருகி, தேடுகிற துணுக்கு அதில் காணாமல் போகும். கோபியில் காலையில் எடுத்துச் சாயங்கால கூரியரில் போடுகிற கதை இதற்கு ஆகாது. அணுக்கள் உடையாமல் காக்கும் திரவம் கொண்ட தனி டியூப் உண்டு, அது அறை வெப்பத்தில் பல நாள் தாங்கும். அதை ஐஸில் வைக்கவே கூடாது. ஊசிக்கு ஏற்பாடு செய்துகொண்டே ரத்தத்தையும் அனுப்புவதுதான் என் பார்வையில் சரி, எது முன்னால் வருகிறதோ அது உதவும்.

மறுபடி ஊசிதான் என்றால், கட்டியின் நட்டநடுவில் குத்தாமல் ஓரத்தில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்துக் கிடக்கும். எடுக்கும் இடத்திலேயே ஒரு ஸ்லைடைச் சாயமேற்றிப் புற்றணு வந்திருக்கிறதா என்று பார்க்கும் வசதி கோவையில் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஊசியால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவது அரிதல்ல. பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்கு மட்டும் குழாய் போட வேண்டி வரும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ஏதாவது அப்பா எடுத்துக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி சொந்தக்காரர் சொன்ன யோசனை. அவர் சொல்வதில் பாதி உண்மை. இஜிஎஃப்ஆர் என்பது அணுவின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம், வெளியிலிருந்து வளர்ச்சிச் சைகை வந்தால் மட்டும் அணுவுக்குள் ‘பெருகு’ என்று செய்தி அனுப்பும். அதன் மரபணுவில் எக்சான் 19 என்ற பகுதியில் ஒரு துண்டு விடுபட்டாலோ, எக்சான் 21இல் 858ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் போய் ஆர்ஜினின் வந்தாலோ, கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்ட மாதிரி சைகை இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஓசிமெர்ட்டினிப் எல்லாம் அந்த ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரைகள். இந்தியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்த மாற்றம் இருக்கிறது. புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். அவர் யோசனை இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அதே யோசனையை ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஐபாஸ் என்ற ஆய்வு, 2009இல் முடிவுகள் வெளியாயின. கிழக்கு ஆசியாவில் புகைக்காத, அல்லது கொஞ்சமாகப் புகைத்து விட்டுவிட்ட 1,217 அடினோகார்சினோமா நோயாளிகள். உங்கள் அப்பா மாதிரியானவர்கள்தான். பாதிப் பேருக்கு ஜெஃபிட்டினிப், பாதிப் பேருக்குக் கீமோ. மரபணு பார்க்க முடிந்த 437 பேரில் 261 பேருக்கு மாற்றம் இருந்தது, அதாவது பத்தில் ஆறு பேர். அவர்களுக்கு மாத்திரையில் நோய் அடங்கியிருந்த காலத்தின் இடைமதிப்பு (பாதிப் பேருக்கு இதைவிடக் கூட, பாதிப் பேருக்குக் குறைவு) 9.5 மாதம், கீமோவில் 6.3 மாதம். மாற்றம் இல்லாத மீதி நான்கு பங்கினருக்கு மாத்திரையில் 1.5 மாதம், கீமோவில் 5.5 மாதம். இந்தக் கடைசி இரண்டு எண்களைச் சொந்தக்காரரிடம் காட்டுங்கள். புகைக்காதவர் என்ற ஒரே காரணத்துக்காக மாத்திரை கொடுத்தால், பத்தில் நான்கு பேருக்குக் கீமோ வேலை செய்திருக்கக்கூடிய காலம் வீணாகிறது. மாற்றம் இருந்தாலும் அது எந்த மாற்றம் என்பதும் தேவை. எக்சான் 20இல் செருகல் இருந்தால் ஜெஃபிட்டினிப் அநேகமாக வேலை செய்யாது. இஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லாமல் ஏஎல்கே என்ற வேறொரு மரபணு இடம் மாறி ஒட்டியிருந்தால் வேறு மாத்திரை. அந்த ஏஎல்கேயைச் சாயம் வைத்து ஒரே ஒரு ஸ்லைடில் பார்த்துவிடலாம், சதை கொஞ்சமாக இருக்கும்போது இதை மறக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் இதில் முக்கியமாக நினைக்கிறேன்: டிபி மருந்து. பெருந்துறை சானடோரியம் காலத்திலிருந்து நம் பக்கம் இருமல் என்றால் முதல் சந்தேகம் டிபிதான், அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம், ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கவும் இருக்கலாம். சளியில் கிருமி தெரிந்து மருந்து தொடங்கினார்களா, வெறும் எக்ஸ்ரேயை வைத்துத் தொடங்கினார்களா என்று அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். ஏனென்றால் டிபி மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது, சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அதுதான். அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, இந்த மாத்திரைகளை வந்த வேகத்தில் சிதைத்துவிடும். ரிஃபாம்பிசினோடு சேரும்போது உடம்புக்குக் கிடைக்கும் ஜெஃபிட்டினிப் 83 சதவீதம் குறைகிறது, ஓசிமெர்ட்டினிப் 78 சதவீதம் குறைகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்காமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. ஆனால் நீங்களாக டிபி மருந்தை நிறுத்தாதீர்கள். உண்மையிலேயே டிபி இருந்து பாதியில் விட்டால் அது தனி ஆபத்து. இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். நிறுத்தலாம் என்று முடிவானாலும் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளும் ஜெஃபிட்டினிப் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அதையும் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை சும்மா இருக்கணுமா என்றால், அது அப்பா எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நடமாட்டமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார் என்றால் இரண்டு மூன்று வாரம் காத்திருப்பதில் தப்பில்லை. மூச்சு வாங்குகிறது, எடை இறங்குகிறது என்றால் மருத்துவர் கார்போபிளாட்டின், பெமெட்ரெக்செட் கீமோவை ஒரு சுற்று தொடங்கலாம். பின்னால் மாற்றம் இருப்பது தெரிந்தாலும் அந்தச் சுற்று வீணில்லை. பெமெட்ரெக்செட் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் கடுமையாகும். இந்த வாரத்தைக் காத்திருக்கும் நாட்களிலேயே முடித்துக்கொள்ளலாம், மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம், இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் ஊசி மருந்து. அதற்குப் பார்க்கும் பிடி-எல்1 என்ற சாயத்தின் முடிவு சில நாளிலேயே வந்துவிடும், மரபணு முடிவு பிறகுதான் வரும். முதலில் வந்ததை வைத்து அந்த ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பது தெரிந்து ஓசிமெர்ட்டினிப் தொடங்கினால், நுரையீரல் அழற்சி கூடுதலாக வருவதாகப் பதிவுகள் உள்ளன. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றமுள்ள கட்டிகளில் அந்த ஊசி தனியாகப் பெரிதாக உதவுவதும் இல்லை.

மாற்றம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நான்காம் நிலையில் மாத்திரை நோயை வேரோடு எடுக்காது, அடக்கி வைக்கும். எவ்வளவு காலம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், யாரும் தேதி சொல்ல முடியாது. ஃபிளாரா ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலத்தின் இடைமதிப்பு ஓசிமெர்ட்டினிபுக்கு 18.9 மாதம், பழைய மாத்திரைகளுக்கு 10.2 மாதம். விலை பெரிய தடை. 2024இல் இதன் சுங்கவரியை நீக்கி ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்த பிறகும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் மருந்து அல்ல. ஜெஃபிட்டினிப் இந்தியத் தயாரிப்பாகவே மலிவாகக் கிடைக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 நோயாளிகளிடம் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பொருந்தும்: நோய் அடங்கியிருந்தது ஜெஃபிட்டினிப் மட்டும் என்றால் 8 மாதம், அதோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் சேர்த்தால் 16 மாதம். சேர்த்தபோது கடுமையான பக்கவிளைவுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு, உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பழைய மாத்திரையில் ஆரம்பித்து நோய் மறுபடி தலைதூக்கினால் பாதிப் பேரிடம் டி790எம் என்ற புது மாற்றம் இருக்கும், அதற்கு ஓசிமெர்ட்டினிப் கேட்கும். அப்போது மறுபடி ஒரு சோதனை வரும், அதையும் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். எந்த மாத்திரையானாலும் முகத்தில் பரு, வயிற்றுப்போக்கு, நகக்கண்ணில் புண் எதிர்பார்க்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினால் மட்டும் சளிதானே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாயப்பட்டறைத் தண்ணீரால் வந்ததா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ஒரு தனி ஆளுக்கு அதைச் சொல்ல வழியில்லை. சில சாயங்களின் மூலப்பொருளான பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும் என்பது உறுதி. நுரையீரலுக்கு அதை அப்படியே நீட்டிச் சொல்ல முடியாது. காற்று மாசு நுரையீரல் புற்றுக்குக் காரணம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் உறுதி செய்தது. ஏற்கெனவே இஜிஎஃப்ஆர் மாற்றத்தோடு தூங்கிக்கொண்டிருக்கும் அணுக்களை நுண்தூசியால் வரும் அழற்சி எழுப்பிவிடுகிறது என்று 2023இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். விறகடுப்புப் புகைமீதும் சந்தேகம் பலமாக இருக்கிறது.

பணத்துக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இந்தச் சோதனையும் மாத்திரையும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில மருந்து நிறுவனங்கள் இஜிஎஃப்ஆர் சோதனைச் செலவை ஏற்கின்றன. அது அவர்கள் வியாபாரத்துக்காகத்தான், ஆனாலும் முடிவு முடிவுதான், மருத்துவர் மூலம் கேட்டுப் பாருங்கள். பிளாக்கை வேறு கூடத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தால், எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். பிளாக்கின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். இரண்டு பிளாக் இருந்தால் ஒன்றை மட்டும் அனுப்புங்கள். மெழுகு 60 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின்னாக உருகும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும், அதனால் தெர்மாகோல் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக் கொண்டு போங்கள்.